சின்னச் சுத்தம்

— "சின்னச் சுத்தம்"னு புரோகிராம்ல பண்ணின திருத்தத்துக்குக் குறிப்பு போட்டிருக்கீங்களே அண்ணி, உங்களுக்கே இது நியாயமா இருக்கா?

— கதவைச் சாத்திட்டு வா. வெளியில எல்லார் காதும் இங்கதான் இருக்கு.

— இருக்கட்டும். நம்ம ஆபரேட்டிங் சிஸ்டத்துல டிஸ்க்கைப் பார்த்துக்கிற புரோகிராம்ல ஓட்டைன்னு நான் கண்டுபிடிச்சேன். வேற யார்கிட்டயும் மூச்சு விடாம உங்ககிட்ட வந்து சொன்னேன். அண்ணியாச்சேன்னு நம்பிச் சொன்னேன். நீங்க பாட்டுக்கு அதை அடைச்சிட்டு, என்னமோ மேஜையில தூசு தட்டின மாதிரி எழுதி அனுப்பிட்டீங்க.

— அடைச்சாச்சா இல்லையா, அதைச் சொல்லு சிட்டு.

— இப்ப சிட்டு கிட்டுன்னு கொஞ்சாதீங்க. புதுசா வாங்குறவங்களுக்கு அடைச்சாச்சு. பழைய பதிப்பு வச்சிருக்கிறவங்க? ஆபத்துன்னு சொன்னாத்தானே உடனே மாத்துவாங்க. யாரோ சுத்தம் பண்ணினாங்கன்னு எந்த ஆஸ்பத்திரியில மெஷினை நிறுத்துவாங்க?

— ஆஸ்பத்திரியை எதுக்கு இழுக்கிற?

— ஓட்டை தெரிஞ்சதே அங்கதானே. ஒருத்தரோட ரத்த வகை வேற ஒரு அம்மாவோட ஃபைல்ல போய் உக்காந்திருந்துது. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி நர்ஸ் சந்தேகப்பட்டுக் கேட்டதால தப்பிச்சாங்க. எல்லா இடத்துலயும் அப்படி ஒரு நர்ஸ் இருப்பாங்களா?

— தெரியும் எனக்கு.

— தெரிஞ்சுமா? மெமரியைக் காலி பண்ணிக் கொடுத்த பிறகும் நம்ம புரோகிராம் அங்கேயே எழுதிக்கிட்டிருக்கு. வீட்டைக் காலி பண்ணினவன் சாவியைத் திருப்பிக் கொடுக்காம, புதுசா குடிவந்தவங்க பீரோவுல தன் துணியை அடுக்கிற மாதிரி. ஓட்டைன்னா அடைக்கிற வரைக்கும் ரகசியம், அடைச்சதும் ஊருக்கே சொல்லணும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.

— உங்க அண்ணன் கேட்டுக்கிட்டாரு.

— அண்ணனா?

— அவர் பேர்ல இருக்கிற புரோகிராம் அது. அதை வச்சுத்தான் இந்த டீமுக்கே தலைவரா வந்தாரு. வெளியில தெரிஞ்சா தலை காட்ட முடியாதுன்னாரு. சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

— நீங்களும் சரின்னுட்டீங்க.

— அவரோட ஒரே வீட்டுல இருக்கேன்டி.

— நல்லா இருக்கு. அண்ணனைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அந்தப் புரோகிராமை வாசிக்கும்போதெல்லாம், எங்க அண்ணன்னு ஒரு பெருமை எனக்கு. வரிசையைக் கடைசியில இருந்து முன்னால எண்ணிக்கிட்டு வரும் பாருங்க, நானும் அப்படித்தான் எழுதுவேன். அவர்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம்.

— அவர் வேற எங்கயும் அப்படி எழுதி நான் பார்த்ததில்ல.

— இப்ப அதுவா முக்கியம்? கேட்டுக்கோங்க, எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்.

— என்னன்னு?

— ஓட்டை இருக்கு, பழைய பதிப்பை உடனே மாத்துங்க, இதை மறைக்கப் பார்த்தாங்கன்னு. எழுதினது யாருன்னும் போட்டுட்டேன். யார் கையில இன்னும் இருக்குன்னு பார்க்காம மெமரியை விடுறது, படிக்கிற பிள்ளைங்க பண்ற தப்புன்னு எழுதினேன். அண்ணன்னு பார்க்காமத்தான் அப்படி எழுதினேன்.

— அனுப்பியே விட்டுட்டியா?

— அனுப்பிட்டேன். அதோ பாருங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. படிக்கட்டும்.

— உக்காரு. இந்தத் தண்ணியைக் குடி. நீ காலேஜ்ல படிக்கும்போது, ஒரு லீவுல அவர் உன்னை ஒரு புரோகிராம் எழுதச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?

— எப்படி மறக்கும்? லீவு பூரா வெளியில தலை நீட்டாம எழுதிக் கொடுத்தேன். "குப்பை, தூக்கிப் போட்டுட்டேன்"னாரு. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பார்க்கிற கிறுக்கு பிடிச்சுது. அந்தக் கதை இப்ப எதுக்கு?

— ஓட்டையை அடைக்கும்போது ஒரு இடம் எனக்குப் பிடிபடல. ஏன் இப்படி எழுதியிருக்கீங்கன்னு அவர்கிட்டயே கேட்டேன். முழிச்சாரு. அவருக்குச் சொல்லத் தெரியல.

— தான் எழுதினதை அவருக்கே சொல்லத் தெரியலயா?

— அவர் அதைத் தூக்கிப் போடல, சிட்டு.