மூன்றாவது பாட்டும் கடைவாய்ப்பல்லும்

பல் டாக்டரைப் பார்க்க யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில்கூட என்னைக் கண்டதும் சிலர் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள். நான் சிரித்துக்கொண்டே வேறு நாற்காலிக்குப் போய்விடுவேன். பல் டாக்டர்கள் சங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் என்னை, மனிதர்களை நோகடிப்பதில் சுகம் காண்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நடந்தது எல்லாம் பாட்டுக்காக நடந்தது.

என் மனைவியின் தங்கையை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். வங்கியில் வேலை. மீதி நேரமெல்லாம் பாட்டு. அவளே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, போட்டுவைத்த சேமிப்பையெல்லாம் கரைத்து ஒரு ஆல்பம் வெளியிட்டாள். எல்லாம் பழைய பாணி. நிஜ வயலின்கள், நிஜ அக்கார்டியன், மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாடுவது போன்ற குரல். இதெல்லாம் போதாதென்று, பழைய இசைத்தட்டு சுழலும்போது கேட்கும் கரகர சத்தத்தையும் பாட்டுக்குப் பாட்டு சேர்த்திருந்தாள்.

வீட்டில் முதன்முதலாகப் போட்டுக் காட்டிய அன்று என் மாமனார் எழுந்துபோய் ஸ்பீக்கரைத் துணியால் துடைத்தார்.

"அப்பா, அது தூசி இல்ல. அந்தச் சத்தத்த நான் வேணும்னேதான் போட்டிருக்கேன்."

"காசு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மாமியார் இரண்டாவது பாட்டில் தூங்கிவிட்டார். என் மனைவி, "நல்லாத்தான்டி இருக்கு, முழுசா அப்புறம் கேக்குறேன்" என்றாள். வெளியுலகம் இதைவிடக் கறாராக இருந்தது. கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களிலும் ஒருவர், தன் போனில்தான் கோளாறு என்று நினைத்துப் புதுப் போன் வாங்கிவிட்டதாகக் கருத்து எழுதியிருந்தார்.

ஒரு மத்தியானம் சின்னவள் என் கிளினிக்குக்கு வந்து, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவளைப் பார்த்து, பல்வலிதான் என்று எண்ணிப் பக்கத்தில் இருந்தவர்கள் இருவர் எழுந்து போய்விட்டார்கள்.

"கேக்க ஆரம்பிக்கிறவங்களும் பாதியிலயே எழுந்து போயிடறாங்க மாமா. ஒரு பாட்டையாவது முழுசா கேட்டா போதும்னு இருக்கு" என்றாள்.

அந்த வார்த்தை என் மனதில் நின்றது. ஏனென்றால், பாதியில் யாரும் எழுந்து போக முடியாத ஒரு நாற்காலி என்னிடம் இருக்கிறது.

மறுநாளே சிகிச்சை அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தேன். முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. வேர் சிகிச்சை. மூன்றாவது பாட்டில் வயலின்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு. சரியாக அந்த இடத்தில் டிரில் நரம்பைத் தொட்டுவிட்டது. தற்செயல்தான். அவருடைய இரண்டு கண்களிலிருந்தும் பொலபொலவென்று நீர் வழிந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தக் கண்களுக்கும் அந்த வயலின்களுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

"பாட்டு கேக்குறதை ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். டிரில் ஓடும்போது எல்லோருக்கும் தலை கொஞ்சம் ஆடும்தான். ஆனால் நான் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூக்குக்கு மேலே மட்டும் படம் பிடித்தேன். கீழே 'மூன்றாவது பாட்டைக் கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை' என்று எழுதி வெளியிட்டேன். அதில் பொய் ஏதும் இல்லை. வாய் நிறையப் பஞ்சு இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. 'யாருடைய பாட்டு இது', 'இந்தக் கண்களைப் பார்த்து நானும் அழுதேன்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். சின்னவள் போன் செய்து, "மாமா, யாரோ ஒருத்தங்க என் பாட்டக் கேட்டு அழுதிருக்காங்க மாமா" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பீர்களா?

நான் நிறுத்தவில்லை. தினமும் ஒரு ஜோடிக் கண்கள் வெளியாயின. ஆனால் ஒரு சிக்கல். மரத்துப்போகிற ஊசி போட்டால் யாரும் அழுவதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அதனால் மருந்தைக் கொஞ்சம் குறைத்தேன். போடாமல் விடவில்லை, குறைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

என்னிடம் வேலை பார்க்கும் சிஸ்டருக்கு அது புரியவில்லை. "டாக்டர், இவருக்கு இன்னும் மரத்துப் போகலையே" என்பார்.

"பாட்டு ஆரம்பிச்சிடுச்சு சிஸ்டர்" என்பேன்.

காலப்போக்கில் என் கையும் தாளத்துக்குப் பழகிவிட்டது. சரணத்தில் மெதுவாகத் தட்டுவேன். பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் அழுத்துவேன். பல்லைச் சுத்தம் செய்ய மட்டும் வந்தவர்களையும் வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. கருவியை விட்டுத் தேடினால் எந்த வாயிலும் ஏதாவது ஓர் இடம் அகப்படும்.

ஜிம் மாஸ்டரும் சுத்தம் செய்யத்தான் வந்தார். கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டிய உடம்பு. அப்பேர்ப்பட்ட மனிதர் அழுதால் பாட்டுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று நினைத்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசிப் பல் ஆடுகிறது, எடுத்துவிடலாம் என்றேன். "நீங்க சொன்னா சரி டாக்டர்" என்று குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். மூன்றாவது பாட்டு முழுவதும் அழுதார். பாட்டு முடிந்த பிறகும் அழுதார். அந்த வீடியோவுக்குப் பிறகுதான் சின்னவளை மேடையில் பாடக் கூப்பிட்டார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. வீடியோவில் அழுதவர்களையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பல் விஷயத்தை அவளிடம் சொல்லாமல் நானே எல்லோரையும் அழைத்தேன். அவள் முன்வரிசை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கி, தானே வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லி உட்காரவைத்தாள். நானும் என் மனைவியும் அவர்களுக்குப் பின்னால் இருந்தோம். புதுப்புடவையில் மேடையேறினாள். முதல் இரண்டு பாட்டுக்கும் நல்ல கைதட்டல். முன்வரிசையில் மட்டும் சிலர் நெளிந்தார்கள்.

மூன்றாவது பாட்டில் வயலின்கள் ஏறத் தொடங்கியதும் முன்வரிசை மொத்தமும் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தது.

யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. தானாகத் திறந்தது. ஆசிரியை நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு பெரியவர் இடதுபக்கம் குனிந்து, துப்புவதற்குத் தொட்டியைத் தேடினார். ஜிம் மாஸ்டரின் கால்கள் இரண்டும் தரையிலிருந்து மேலே எழும்பி நின்றன. சின்னவள் பாட்டை நிறுத்திவிட்டாள். வயலின்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

அவள் மைக்கோடு இறங்கி வந்து ஜிம் மாஸ்டர் முன்னால் மண்டியிட்டாள். "சார், என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதக் கேட்டாலே வலிக்குது."

கூட்டம் உருகிப்போய் 'உச்' கொட்டியது. சின்னவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"எங்க சார் வலிக்குது?"

எல்லோரும் அவர் நெஞ்சில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் விரலை வாய்க்குள் விட்டுக் காட்டினார். "இங்கம்மா. கீழ் வரிசை, கடைசி."

"எனக்கு மேல் வரிசை" என்றார் ஆசிரியை.

"எனக்கு ரெண்டு பக்கமும்" என்றார் பெரியவர்.

முன்வரிசை முழுக்க விரல்கள் வாய்க்குள் போயின. சின்னவள் அத்தனை விரல்களையும் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி, பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள். மைக் அவள் கையிலேயே இருந்தது.

"மாமா, இவங்க யாருமே என் பாட்டுக்கு அழலையா?"

அரங்கம் மொத்தமும் திரும்பியது. நான் பேச எழுந்தேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "இதுக்கு மேல நீங்க வாயத் திறந்தீங்க, நானே பிடுங்கிடுவேன்" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். புகார் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து உங்களிடம் வாயைத் திறந்து காட்டியிருப்பார்கள். ஊசி மருந்தைக் குறைத்தது உண்மை. ஆசிரியைக்குப் பிறகு யாரையும் கேட்காமல் வீடியோ எடுத்ததும் உண்மை. ஜிம் மாஸ்டரின் பல்லைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஆடவே இல்லை. என் தொழிலில் அவ்வளவு உறுதியான பல்லை நான் பார்த்ததில்லை. பிடுங்குவதற்குள் பாட்டை இரண்டு முறை திரும்பப் போட வேண்டியிருந்தது. இதை எந்த வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

சின்னவள் என்னோடு பேசுவதில்லை. அது என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கலைஞர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் போன வாரம் அவளுக்குக் கடைவாயில் ஞானப்பல் முளைத்துக் கன்னம் வீங்கிவிட்டதாம். என்னிடம் வராமல், எங்கோ தொலைவில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். நன்றாக மரத்துப்போக ஊசி போடுவாராம், பக்குவமான கையாம். பாட்டு மட்டும் போடவே மாட்டாராம். அதை நினைத்தால்தான் எனக்கு மனது ஆறவில்லை. பாவம், சின்னப் பெண், அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு அவள் எதைக் கேட்டு அழுவாள்?