வெறுங்கை விக்கிரகம்

நிறைந்த அவையை நிதானமாய் நடத்திச் செல்லும் தலைவர் அவர்களே, நான் வாய் திறக்கும் முன்பே என்னைப் பொறுத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்ட முன்வரிசைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நின்று செவி கொடுக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘தெய்வங்களின் திருக்கரங்கள்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். வேல் ஏந்திய கை வேலவன் கை. குழல் ஏந்திய கை கண்ணன் கை. வில் ஏந்திய கை இராமன் கை. சூலம் ஏந்திய கை அன்னையின் கை. கையைப் பார்த்துக் கடவுளைச் சொல்லிவிடலாம் என்று புலவர் பெருமக்கள் பாட்டுப் பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார்கள். சரி, எதையுமே ஏந்தாத கை யாருடைய கை? அந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். விடையோடு வரவில்லை. தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். ஐயா, குழம்பிப் போனவளைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தது நீங்கள்தான்.

நான் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருபவள். பக்கவாதம் பறித்துப்போன பேச்சைச் சொல் சொல்லாய் மீட்டுத் தருவது என் தொழில். என்னிடம் ஒரு தையல்காரம்மா வந்தார். கத்திரிக்கோலை விட வேகமாக வாய் ஓடுகிற பெண் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் காலையில், கழுத்தில் டேப்போடு மிஷினில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். வலக்கை விழுந்தது, கூடவே வாக்கும் விழுந்தது. மிஞ்சியது ஒரே பேச்சு: “அது இல்ல.”

பசிக்கிறதா? அது இல்ல. வலிக்கிறதா? அது இல்ல. ஆசை ஆசையாய்க் காபியைக் குடித்துவிட்டு, சிரித்தபடியே அது இல்ல. மூளையில் மொழி உடைந்தவர்களுக்கு இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்வது உண்டு. ஆமாம் என்றாலும் அதுதான் வரும், இல்லை என்றாலும் அதுதான் வரும். முன்வரிசையில் ஒரு பெரியவர் “இதுவல்ல, இதுவல்ல என்பதுதானே வேதாந்தம்” என்கிறார். ஐயா, நானும் முதலில் அப்படித்தான் வியந்தேன். ஆனால் வேதாந்தம் மாத்திரை விழுங்காதே.

அதுதான் சிக்கல். சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பெண் அவர். இப்போது அவருக்குப் பதிலாகக் கணவர் விளக்கேற்றுகிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கும்பிடத் தொடங்கியதும் இந்த அம்மா அழத் தொடங்குகிறார். மாத்திரைக்கு வாய் திறப்பதில்லை. ஒருநாள் அந்த மனிதர் லைனிங் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பிரித்தால், விரல் நீள வெண்கலச் சிலை. தேய்த்துத் தேய்த்து, கழுவிக் கழுவி முகம் கூழாங்கல்லாகிவிட்டது. உயர்த்திய கையில் எதையோ செருகியிருந்த துளை மட்டும் இருந்தது.

“மேடம், இது எந்தச் சாமின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“உங்க வீட்டுச் சாமிய என்கிட்ட கேக்கறீங்களே?”

“பழைய பாத்திரக் கடையில அவளே எடுத்துட்டு வந்தது. அவ கும்பிடற நேரத்துல நான் வேலைக்கு ஓடிட்டிருப்பேன். இப்ப முருகாங்கறேன், அழறா. கண்ணாங்கறேன், அழறா. எந்த மாடின்னே தெரியாம பட்டன அமுக்கற மாதிரி இருக்கு. மாத்திர விட்டுப்போயி இன்னொரு தடவ வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மேடம்.”

நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்கே போனேன். அங்கே அந்த அம்மாவின் அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். அண்ணன் கையில் ஒரு குட்டிப் பித்தளை வேல். அதை அந்தத் துளைக்குள் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, எங்க குடும்பத்துக்கே முருகன்தான். வேற யாரா இருக்கும்?”

வேல் உள்ளே போகவில்லை. அக்கா வாங்கி வைத்துவிட்டார். “வேலும் இல்ல கீலும் இல்ல. அது அம்மன்.”

“அம்மனா? இடுப்பப் பாரு.”

“தேய்ஞ்ச இடுப்புல ஆம்பள என்ன, பொம்பள என்ன?” என்றவர் மெக்கானிக்கிடம் திரும்பினார். “தம்பி, மூஞ்சியே இல்லாத சாமிய வீட்டுல வெச்சுக் கும்பிடக் கூடாது. நான் நல்ல படமா வாங்கிட்டு வந்திருக்கேன்.”

சிலை பீரோவுக்குள் போனது. பளபளவென்று படம் வந்தது. கட்டிலில் இருந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

தாய்மார்களே, அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பேச்சுப் போனவர்களிடமும் பாட்டுத் தங்கியிருக்கும். பேச வராத வாய்க்குப் பாட வரும். “ஒரு முருகன் பாட்டுப் பாடுங்க” என்றேன் அண்ணனிடம். அவர் பாடினார், சுருதி வாசலோடு நின்றுவிட்டது. ஆனால் கட்டிலிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. சொல் பிசகாமல், சுரம் பிசகாமல், அந்த அம்மா பாடினார். “பாத்தீங்களா, முருகன்தான்” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அக்கா விடுவாரா? அம்மன் பாட்டை எடுத்தார். அதற்கும் பாடினார். கண்ணன் பாட்டை நான் எடுத்தேன். அதற்கும் பாடினார். மூன்று பாட்டும் முழுப் பாட்டு. முடிந்ததும் பழையபடி, “அது இல்ல.”

யாரை மறுக்கிறார்? முருகனையா, மாரியையா, மாயவனையா? மறுக்கிறாரா, ஏற்கிறாரா? அழைக்கிறாரா, அலுத்துக்கொள்கிறாரா? படித்த படிப்பு கைகொடுக்கவில்லை.

மெக்கானிக் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்தார். சிலையை எடுத்து, கிரீஸ் போகத் தேய்க்கிற தன் சோப்பாலேயே கழுவினார். தையல் மிஷின் மேல் சிலையை வைத்து, விளக்கேற்றி, அதன் முன்னால் நின்றார். பேர் சொல்லவில்லை, பாட்டும் இல்லை.

“நீ யாருன்னு எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரியும். அவளப் பாத்துக்க.”

அவ்வளவுதான். திரும்பி மாத்திரையை நீட்டினார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “அது இல்ல” என்று மெல்லச் சொன்னார்; வாயைத் திறந்தார்.

ஏன் திறந்தார்? சிலை திரும்பி வந்ததாலா? தப்பான பேர்கள் ஓய்ந்ததாலா? வெறும் தாகமா? பின்வரிசையில் ஒரு தம்பி “பக்தி” என்கிறார். இருக்கலாம் தம்பி. மாத்திரை உள்ளே போனது. அதற்கு மட்டும் நான் சாட்சி.

அதற்கடுத்த காலைகளிலும் அவர் அப்படியே நின்றார்; அம்மாவும் வாய் திறந்தார். மாதங்கள் போயின. சொற்கள் ஒன்றொன்றாய் ஊருக்குத் திரும்பின. தண்ணி வந்தது. நூல் வந்தது. அக்கா வந்தது. போதும் என்ற சொல்லும் வந்த ஒரு நாளில், என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லோரும் இருக்கையில் மிஷின் பக்கம் கையைக் காட்டிக் கேட்டேன்.

“அம்மா, அது யாரு?”

விளக்குத் திரியைத் தூண்டியபடி கணவர் சிலையருகே நின்றிருந்தார், கையெல்லாம் எண்ணெய். அந்த அம்மா பார்த்தார். உதடு சொல்லைத் தேடியது.

“நம்மாளு” என்றார்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார். கணவர் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மேடம், சாமியச் சொன்னாளா, என்னச் சொன்னாளா?”

அவையோரே, நான் என்ன சொல்வேன்? நூல்களைப் புரட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பேர் ஆயிரம் சொல்லிப் போற்றியவர்கள் இருக்கிறீர்கள். வேலைக் கண்டு வணங்கினோம், குழலைக் கேட்டு உருகினோம், வில்லை நம்பி வாழ்ந்தோம், சூலத்தின் நிழலில் பிழைத்தோம். அத்தனையும் எடுத்துவிட்டு ஒரு வெறுங்கையை மட்டும் உங்கள் முன் நீட்டினால், அப்போதும் “நம்மாளு” என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வருமா? தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு வந்தது.

“தெரியலைங்க” என்றுதான் அன்று கணவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “எப்படியோ, திட்டல” என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளே போனார்.

தெளிவைத் தேடி வந்த உங்களுக்குக் குழப்பத்தைப் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். கலையாமல் வாங்கிக்கொண்டீர்கள், அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. தலைவருக்கு மைக்கை ஒப்படைத்து, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்கி அமர்கிறேன்.