போர்வை

கண்ணில் மருந்து விடுவதில் என்னை அடித்துக்கொள்ள காளவாசல் பக்கத்தில் ஆள் கிடையாது, சாமி. கீழிமையை லேசாக இழுத்து, சீசா நுனி படாமல், உள்ளே ஒரே சொட்டு. கன்னத்தில் வழிய விட்டதே இல்லை. கண்ணாஸ்பத்திரி நர்ஸே, "அம்மா, நீங்க எங்ககூட வேலைக்கு வந்துருங்க" என்று சிரித்தாள். பாவசங்கீர்த்தனத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் அவரை நான் கவனிக்கவில்லை என்று என் மகள் டயானா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாசர் வாத்தியாரை உங்களுக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். நம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வருசக்கணக்காக அவருடையதுதான். மைக்கே வேண்டாம், அப்படி ஒரு குரல். நான் எட்டாவதோடு நின்றவள். நீங்கள் இந்தப் பங்குக்கு வருவதற்கு முன்னால் ஒரு பூசையில், மன்றாட்டைப் பெண்கள் வாசிக்கட்டும் என்று என் கையில் தாளைக் கொடுத்துவிட்டார்கள். "பார்வையற்றோருக்காக மன்றாடுவோம்" என்பதை "போர்வையற்றோருக்காக" என்று வாசித்துவிட்டேன். ஒரு கொம்புதான் கூடிப்போனது. பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். இவர் முன்வரிசையில் எழுந்து நின்று, "போர்வை இல்ல, பார்வை. திருப்பி வாசி" என்றார். கோயிலே சிரித்தது. திருப்பி வாசித்தேன். மறுபடியும் போர்வை என்றே வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் பேர் போர்வை. "போர்வை, காப்பி கொண்டா." வந்தவர் போனவரிடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

பிறகு அவருக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. வலி கிடையாது, ஒன்றும் கிடையாது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. தெரிந்தபோது இடது கண் முழுசாகப் போயிருந்தது. வலது கண்ணிலும் புரை மூடி, எழுத்து தெரியாமல் போயிற்று. சாயங்காலம் நான் பேப்பர் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். முதலில் வார்த்தைக்கு வார்த்தை திருத்தினார். போகப் போகத் திருத்துவது குறைந்தது. ஒருநாள் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வாசிக்கிற பாக்கியம்" என்றார். என் பேரைச் சொன்னார், சாமி. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டயானாதான் பிடிவாதம் பிடித்து ஆபரேஷன் செய்ய வைத்தாள். கண்ணுக்குள் தேங்குகிற நீர் வடிவதற்கு மேலிமைக்கடியில் சின்னதாக ஒரு வழி வைத்தார்கள். புரையையும் சேர்த்து எடுத்தார்கள். "எப்ப செவந்தாலும், உறுத்துனாலும், பீளை தள்ளுனாலும் அந்த நிமிசமே கூட்டிட்டு வாங்க. தள்ளிப்போட்டா கண்ணு தங்காது" என்று நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

கண் தெளிந்தது. ஒருநாள் காலையில் நான் பேப்பரை விரித்தேன், வெடுக்கென்று பிடுங்கினார். "குடு இங்கிட்டு. நீ வாசிச்சு நான் கேட்ட வரைக்கும் போதும், போர்வை." முகத்தோடு ஒட்டி வைத்துத் தலைப்பை வாசித்தார். அதே பழைய குரல். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி கேட்டுவிட்டு, "சார் பழையபடி ஆயிட்டாருக்கா" என்று சந்தோசப்பட்டாள். ஆமாம் என்றேன்.

ஆடிக் காற்றில் புழுதி பறந்த சமயம், "மண்ணு விழுந்தது மாதிரி உறுத்துது" என்றார். கண்ணாடி முன்னால் போய் நின்றால் ஒரே புகையாகத் தெரிகிறதாம். "செவப்பா இருக்கா பாரு." இமையைத் தூக்கிப் பார்த்தேன். மிளகாய்ப்பழமாக இருந்தது. "வெள்ளையாத்தான் இருக்கு" என்றேன்.

அது யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. மறுநாள் கேட்டபோது யோசித்தேன். யோசித்துவிட்டு அதையே சொன்னேன்.

வலிக்கு மாத்திரை கொடுத்தேன். காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்தேன். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. யாராவது வந்தால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். டயானா போனில் கூப்பிட்டபோது "தூங்குறாரு" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?" என்று அவர் கேட்டார். "எம் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். "ஒன் கண்ணுதான இப்ப எனக்குக் கண்ணு" என்றார். இத்தனை வருசத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அவரே பேப்பரை என்னிடம் நீட்டினார்.

டயானா சொல்லாமல் கொள்ளாமல் வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். கத்திக்கொண்டே ஆட்டோ பிடித்தாள். ஆபரேஷன் செய்த இடத்தின் வழியாகச் சீழ் கண்ணுக்குள் இறங்கிவிட்டது, முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். "ஒனக்குத் தெரியலையாம்மா?" என்று மகள் கேட்டாள். "எனக்கும் கண்ணு மங்கல்தானத்தா" என்றேன். அந்தப் பொய்யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்த பாவம் இந்தப் பொய்கள்தான். பெரிய பொய்யும் இப்போது தீர்ந்துவிட்டது. கண்ணில் பூ விழுந்து முழுக்க வெளுத்துப்போயிற்று. பழக்க தோசத்தில், மருந்து விடும்போது இன்னமும் கேட்கிறார், "செவப்பா இருக்கா பாக்கியம்?" "வெள்ளையாத்தான் இருக்கு" என்கிறேன். ஆண்டவர் அறிய அது உண்மை.

என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டை எனக்குக் கொடுங்கள். அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் நானே உட்கார வைக்கிறேன். வீட்டில் தினமும் வாசித்துப் பழகிவிட்டேன். பார்வையற்றோருக்காக மன்றாடுவோம். பாருங்கள் சாமி, எவ்வளவு சரியாக வருகிறது.