ரெண்டு ரிங்

மணி இரவு இரண்டு நாற்பது. ஆளே இல்லாத ரோடு. ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர் வருகிறார்...

கதவைச் சாத்துங்கள். மெழுகுவர்த்தியை இந்தப் பக்கம் நகர்த்துங்கள். கரண்ட் வரும்வரை வேறு வேலை இல்லை. இது எனக்கு நடந்ததல்ல. நம்ம குண்டூசியின் பெரியப்பாவுக்கு நடந்தது. குண்டூசி இதோ போர்வைக்குள்தான் இருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்துவான். திருத்தவில்லை என்றால் நான் சரியாகச் சொல்கிறேன் என்று அர்த்தம், அல்லது அவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

பெரியப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். அன்றைக்கு ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. லிஃப்ட்காரர் ஓட்டமும் நடையுமாகத் தள்ளினார். மூன்று மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். மூன்று முதல் நாலு வரை அவருடைய முறை.

என்ன முறை என்று கேட்பீர்கள். ஜெப முறை.

அவர் மனைவி படுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், பாதி மடித்த சட்டையோடு அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை, பேச்சு இல்லை. கண் மட்டும் ஆளைத் தொடர்ந்து போகும். டாக்டர்கள் கையை விரித்தார்கள். சபையில் பாஸ்டர் கையை உயர்த்தினார். "எழும்பி நடப்பாங்க பிரதர்" என்று சொல்லி, ஜெபச் சங்கிலி ஒன்றை ஆரம்பித்து வைத்தார். இருபத்து நாலு மணி நேரத்துக்கு இருபத்து நாலு பேர், ஆளுக்கு ஒரு மணி. வேண்டுதல் ஒன்றே ஒன்று: அவள் எழுந்து நடக்க வேண்டும்.

அந்தச் சங்கிலிக்கு ஒரு சட்டம் உண்டு. உன் ஒரு மணி நேரம் முடிந்ததும் அடுத்த ஆளுக்கு போன் அடி. ரெண்டு ரிங். கட். யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் காசு போகும், அதைவிட முக்கியமாகப் பேச்சு வளரும், ஜெபம் கெடும். லிஃப்ட்காரரை எழுப்ப வேண்டியவர் தையல்கார அக்கா. அவருக்கு ரெண்டிலிருந்து மூன்று. லிஃப்ட்காரர் எழுப்ப வேண்டியது பேக்கரிக்காரரை. அவருக்கு நாலிலிருந்து ஐந்து.

அந்த ஸ்கூட்டர் ராத்திரிக்குப் பதினோரு மாதம் முன்னால் தையல்கார அக்கா செத்துப்போனார். தூக்கத்திலேயே. அடுத்த நாள் ராத்திரி ரிங் வராது என்று நினைத்து லிஃப்ட்காரர் அலாரம் வைத்துக்கொண்டு படுத்தார். அலாரத்துக்கு முந்திக்கொண்டு ரிங் வந்தது. இரண்டு ஐம்பத்தெட்டு. ரெண்டு ரிங். கட். பரவாயில்லை, மகள் அம்மாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தார். மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

தையல் கடையைத் தாண்டும்போது ஷட்டர் இறங்கியிருந்தது. அடியில் வெளிச்சம் இல்லை. ஆனால் உள்ளே மெஷின் ஓடியது. டக டக டக டக... நின்றது. மறுபடி டக டக... மெஷின் எண்ணெய் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. இருட்டில் எப்படி ஊசி தெரிகிறது என்று அவர் யோசிக்கவில்லை. அவசர ஆர்டர் போல, பாவம், தைத்துக்கொண்டே ஜெபிக்கிறது பிள்ளை என்று நினைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினார். ஹாலில் போன் அடித்தது. ஒன்று... இரண்டு... நின்றது.

கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து முழங்கால் போட்டார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். ஆயிரம் ராத்திரி கேட்டாயிற்று. ஆரம்பத்தில் அழுதுகொண்டு கேட்பாராம். பிறகு சண்டை போட்டுக் கேட்பாராம். இப்போது மாடி எண் சொல்கிற மாதிரி கேட்பார். லிஃப்ட் வரவில்லை என்று யாராவது பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பட்டன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. மேல யாரோ கதவைத் திறந்து வச்சிருக்காங்க." தன் ஜெபத்தைப் பற்றியும் அவருக்கு இருந்த இறையியல் அவ்வளவுதான். பட்டன் நன்றாக இருக்கிறது. மேலே யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தையல்கார அக்காவின் மகளைப் பார்த்து நன்றி சொன்னார். அம்மாவைப் போலவே ஒரு நாள்கூடத் தவறாமல் எழுப்புகிறாயே என்றார். அந்தப் பெண் முழித்தாள்.

"நான் எங்க அங்கிள் எழுப்பினேன்? அம்மா இறந்த வாரமே மெஷினை வித்தாச்சு. போன் லைனையும் வெட்டியாச்சு. கடை பூட்டியே கிடக்கு, வாடகைக்கு ஆள் கிடைக்காம."

அவர் பாஸ்டரிடம் போனார். ரெண்டு மணிக்கு இப்போது யார் என்று கேட்டார். பாஸ்டர் தோளில் கைபோட்டு அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கெட்ட செய்திக்கு என்றே பாஸ்டர்களுக்கு ஒரு நடை உண்டு. லிஃப்ட்காரருக்குப் பாதி வழியிலேயே புரிந்துவிட்டது. சங்கிலி அறுந்து எட்டு மாதம் ஆகிறதாம். ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்களாம். ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்தருக்கு நம்பிக்கை.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல பிரதர். நீங்களாவது விடாம பண்றீங்களேன்னு விட்டுட்டோம்."

யாரும் போனை எடுக்கக்கூடாது என்பதுதான் சட்டம். அதனால் இந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதும், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதும் நடுவில் இருந்த ஒருத்தருக்குத் தெரியவே இல்லை.

பேக்கரிக்காரரிடம் கேட்டார். அவர் நல்ல மனுஷர், பொய் சொல்ல வராது. "ஜெபம் விட்டு நாளாச்சு பிரதர். ஆனா உங்க ரிங் வந்தாத்தான் எந்திரிப்பேன். மாவு பிசையற நேரம் அது. நிறுத்திடாதீங்க."

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தார். மனைவிக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்தார், திருப்பிப் படுக்க வைத்தார், முதுகுக்குப் பவுடர் போட்டார். கண் அவரைத் தொடர்ந்து வந்தது.

அன்று ராத்திரி போன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இரண்டு ஐம்பத்தெட்டு. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

டக டக டக டக...

நின்றது. ரொம்பப் பக்கத்தில், காதுக்குள்ளேயே, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம். கட்.

இந்த இடத்தில் உங்களுக்கெல்லாம் பயம் வருகிறது. நியாயம். அவருக்குத் தூக்கம் வந்தது. அப்படியொரு அசதி. சுவரில் இருந்து போன் வயரைப் பிடுங்கினார். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் தன் படுக்கையில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஜெபிக்கவில்லை. ஆறு மணி வரை தூங்கினார்.

எழுந்து பார்த்தால் பாய் விரித்திருந்தது.

எலி இழுத்திருக்கும் என்று நினைத்தார். சுருட்டி வைத்தார். மனைவிக்கு உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டுவந்தார். முகம், கை, வயிறு என்று துடைத்துக்கொண்டே வந்தவர் முழங்காலுக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

ரெண்டு முழங்காலிலும் பாயின் பின்னல். சிவப்பாக, வரி வரியாக, அச்சுக் குத்தின மாதிரி.

மூன்று வருஷமாகத் தரையைத் தொடாத முழங்கால்.

பெரியப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணியைப் பிழிந்தார். மேலே போர்வையை இழுத்துவிட்டார். பகலில் மனைவியைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். வழியில் பேக்கரி. பேக்கரிக்காரர் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நேத்து சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டு ரிங் குடுக்க மாட்டீங்களோன்னு நெனச்சேன். டாண்ணு நாலு மணிக்கு வந்துச்சு. தேங்க்ஸ் பிரதர்."

பிடுங்கின வயர் தரையில்தான் கிடந்தது. காலையில் காலில் தட்டியது அவருக்கு நினைவிருந்தது.

அடுத்த மூன்று ராத்திரி அவர் தன் மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வயர் இல்லாமலே ரிங் வந்தது, அவர் எழுந்து முழங்கால் போட்டார், அவள் எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்டார். இந்தத் தடவை மாடி எண் சொல்கிற மாதிரி இல்லையாம். அவள் அசையவில்லை. காலையில் முழங்காலில் ஒரு கோடு இல்லை. ஆனால் அந்த மூன்று ராத்திரியும் அவள் கண் கூரையைப் பார்த்தபடி திறந்தே இருந்தது. ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் துடைத்தார். மறுபடி இறங்கியது.

நாலாவது ராத்திரி அவர் எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு விழித்தே கிடந்தார்.

ரெண்டு ரிங். கட்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கட்டில் கிறீச் என்றது. பாரம் இறங்கின கட்டிலின் சத்தம். அவருக்கு அந்தச் சத்தம் மூன்று வருஷமாக மறந்துபோயிருந்தது. தரையில் உள்ளங்கால் ஒட்டி ஒட்டி விடுகிற சத்தம்... நாலு எட்டு. மூலையில் இருந்த பாய் சரசரவென்று விரிந்தது. தொப், தொப். ரெண்டு முழங்கால்.

மூன்று வருஷமாகக் கேட்டது, முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. திரும்பினால் பார்த்துவிடலாம்.

திரும்பவில்லை.

அவள் ஜெபிக்க ஆரம்பித்தாள். துருப்பிடித்த புல்லி சுற்றுகிற மாதிரி ஒரு குரல். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரே வார்த்தைதான், திரும்பத் திரும்ப.

"போதும்... போதும்... போதும்..."

நாலு மணி வரை.

பிறகு உள்ளங்கால் சத்தம் ஹாலுக்குப் போனது. டயல் சுற்றும் சத்தம். உள்ளங்கால் சத்தம் திரும்பி வந்தது. கட்டில் கிறீச் என்றது. அவ்வளவுதான்.

விடிந்ததும் அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கண் அவரைப் பார்த்தது. என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எழுந்தாயே, பகலில் எழக்கூடாதா என்றா? எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றா? அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"என் மணியை நீயே வச்சுக்கிறியா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் சைகை.

அன்றிலிருந்து நாற்பத்தோரு ராத்திரி. தினமும் ரிங் வரும், கட்டில் சத்தம் போடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எழுந்து பாயைப் பிடுங்கியிருக்கலாம். தானும் முழங்கால் போட்டு, இல்லை போதாது, போதாது என்று எதிர் ஜெபம் செய்திருக்கலாம். ஒரே நேரத்தில் ரெண்டு பேர் ரெண்டு மாடி பட்டனை அழுத்தினால் லிஃப்ட் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கிடந்தார். பகலில் சாப்பாடு கொடுப்பார், துடைப்பார். முழங்காலை மட்டும் போர்வையோடு சேர்த்துத் துடைப்பார். பார்க்கமாட்டார்.

நாற்பத்திரண்டாவது காலை அவள் கண் அவரைத் தொடரவில்லை.

மேலே யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள், லிஃப்ட் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அழுகை வரவில்லை. பாஸ்டர் வந்தார்; கர்த்தருடைய சித்தம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். சபைப் பெண்கள் நாலு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் குளிப்பாட்டினார்கள். தையல்கார அக்காவின் மகளும் அதில் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மட்டும் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, ரகசியம் போலக் கேட்டாள்.

"அங்கிள்... ஆன்ட்டி மூணு வருஷமா படுக்கையிலதானே? முழங்கால் ரெண்டும் காய்ப்புக் காய்ச்சுப் போயிருக்கே. எங்க அம்மாவுக்குத்தான் அப்படி இருக்கும்."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நிறைய ஜெபம் பண்ணுவா."

அவ்வளவுதான் கதை. வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது அவர் குண்டூசி வீட்டில்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்கிறார். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு போனை டெலிபோன் ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். பாயை எரித்துவிட்டார்.

போன மாதம் பேக்கரிக்காரரை ரோட்டில் பார்த்தாராம். எப்படி இருக்கீங்க பிரதர் என்று விசாரித்தவர், கிளம்பும்போது மறக்காமல் நன்றி சொன்னாராம். இன்னும் அலாரம் வாங்கவில்லையாம் அவர்.

நாலு மணிக்கு. ரெண்டு ரிங். கட்.