பின்வாசலில் கொடுத்த விதை

சங்கத் தலைவர் சிங்காரவேலு அவர்களே, ஏலாக்குறிச்சியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கும் ஆசிரியர் தேவசகாயம் அவர்களே, கதவோரம் இடம் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டிருக்கும் தாய்மார்களே, உழவர் பெருமக்களே, வணக்கம்.

விதை காத்த அம்மையார் முத்தாயி அம்மாள் மறைந்து இன்று பன்னிரண்டாவது நாள். முப்பது ஆண்டுகளாக இந்த வட்டாரத்துச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி வருகிறேன். நேரில் பார்த்ததை மட்டும் எழுதுவது என் வழக்கம். ஆனால் இந்த அம்மையார் விஷயத்தில், பார்த்ததை என்னவென்று சொல்வது என்பதே எனக்கு விளங்கவில்லை.

இந்த ஊரில் வரகும் கம்பும் சோளமும் விதைக்காத வீடு உண்டா? அந்த விதையைச் சாம்பலில் பிசைந்து, வேப்பிலை போட்டு, பானையின் வாயைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி வைத்தவர் யார்? 1943இல் யுத்தம் நடந்தபோது சந்தையில் விதை கிடைக்கவில்லை. அன்று அறுபத்திரண்டு வீடுகள் அவரிடம் விதை வாங்கின. எல்லாம் பின்வாசலில்!

சித்திரையில் முதல் ஏர் பூட்டி விதை தூவும் நாளிலோ அவர் வெளியே வரமாட்டார். கணவரை இழந்தவர் எதிரே வந்தால் ஏர் ஆகாது என்பது ஊர்க் கட்டு. அவர் கொடுத்த விதை ஆகும்; அவர் ஆகாது. இது மரியாதையா, அவமதிப்பா? இரண்டுமா?

ஓர் ஆண்டு ஏர்த் திருநாளைப் பற்றி எழுதியபோது, விதை வழங்கியவர் நம் ஊர் நடராசன் என்று அச்சேற்றிவிட்டேன். அம்மையாரிடம் வாங்கிய விதையைக் கூடையில் வயலுக்குக் கொண்டுவந்தவர் அவர்தானே! அதைப் படித்துக் காட்டச் சொன்ன அம்மையார் என்னிடம் சொன்னார்: "நடராசன் தம்பி குடுத்தாருன்னு போட்டிருக்கீங்க. சரிங்க, அடுத்த வருசம் அவரையே சாம்பல் பெசையச் சொல்லுங்க."

இனி வாசலுக்கு வாருங்கள், ஊரிடம் நான் பேசுகிறேன் என்றேன். அதற்கு அவர் இணங்கவில்லை. "நா வந்து நிக்கிற வருசம் மழ தவறுனா? பழிய யாரு சொமக்கறது? உள்ள இருந்தா என்னைய ஒருத்தரும் கேக்க முடியாது பாருங்க." இது அச்சமா, சாமர்த்தியமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலையாள நாட்டில் தாய்வழியே சொத்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகம் தாய்மாமன் கையில் இருந்தது. லப்பைக்குடிக்காட்டில் மணமகன் மணப்பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் தொகையைச் சபையில் சொல்லி எழுதினார்கள். அந்தச் சபையில் மணப்பெண் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்து, நம் காலத்துப் பெண்ணின் நிலை இதுதான் என்று ஒரு வாக்கியம் எழுத முயன்றேன். எழுதி எழுதி அடித்ததுதான் மிச்சம்.

இன்று என் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அஞ்சலித் தீர்மானத்தை அடுத்து இரண்டாவது தீர்மானம் ஒன்று இருக்கிறது. விதைப் பானைகளை நடராசன் வீட்டுக்கு மாற்ற வேண்டுமாம். அதை வழிமொழிய என்னை அழைத்திருக்கிறார்கள். பானைகள் இப்போது அம்மையாரின் மருமகள் கொளஞ்சியிடம் இருக்கின்றன. அம்மையாரின் மகன் காய்ச்சலில் இறந்து ஓராண்டு ஆகிறது. நடராசன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. காலையில் அவர் என்னிடம் சொன்னது இது: "பெரியவங்க வேறங்க. இது இருவத்தாறு வயசுப் புள்ள. அது கையால வெத வாங்குனா ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்."

அங்கிருந்து கொளஞ்சியிடம் போனேன். அவர் முறத்தைக் கீழே வைக்காமலே பேசினார். "தூக்கிட்டுப் போவட்டுங்க. பதினேழு பானை. எது மேட்டுக்கொல்லைக்கு, எது பள்ளத்துக்கு, எதுல போன வருசம் வண்டு வுழுந்துச்சுன்னு அவரு வூட்டுல யாருக்குத் தெரியும்? எங்க அத்த எனக்குத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

நண்பர்களே, அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி என் உரையை முடிக்கச் சொன்னார்கள். எந்தப் பணியை? விதை காத்ததையா, வெளியே வராமல் இருந்ததையா? முதலாவதைத் தொடர்வதாக நான் உறுதி கூறுகிறேன். இரண்டாவதைத் தொடரும்படி கொளஞ்சியிடம் சொல்லும் உரிமை நமக்கு உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்கு நான் கை தூக்க மாட்டேன். தீர்மானத்தை வழிமொழியவில்லை.

தலைவர் அவர்களே, கொளஞ்சி அதோ கதவோரம் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் பேசினோம். பானைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்று அவரை இந்தச் சபை இன்னும் கேட்கவில்லை. கேளுங்கள். அவர் எழுந்து பதில் சொல்லும்வரை நான் உட்காரப் போவதில்லை.