கதவுக்கு இந்தப் பக்கம்

இல்ல, கோவமெல்லாம் இல்ல. கோவமா இருந்தா வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உக்கார வெச்சிருப்பேனா? அந்தத் துணி மூட்டையைக் கீழ தள்ளிட்டு நல்லா உக்காரு. காபியைக் குடி, ஆறுது.

கம்பெனியில என் பேக்கிங் லைன்ல இருந்தப்ப பட்டாணி பாக்கெட்டுல லேபிளைத் தலைகீழா ஒட்டிட்டுத் திருதிருன்னு முழிப்ப. உன்கிட்ட எத்தனை தடவை கத்தியிருக்கேன். இப்ப என்னடான்னா புத்தகமே போட்டுட்ட. பின்னட்டையில போட்டோ வேற. நல்லாத்தான் இருக்க, கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்.

படிச்சேன்மா. ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை நான் எங்க வர்றேன்னு தேடித் தேடித்தான் படிச்சேன், பொய் சொல்லுவானேன். நம்ம கம்பெனியைப் பத்தின கதை முப்பது பக்கம். அதுல நான் எவ்வளவு வர்றேன் தெரியுமா? ஒரு ஜோடி வெள்ளை பூட்ஸ், ஒரு சத்தம். பூட்ஸ் நடந்து வருது, சீக்கிரம் சீக்கிரம்னு கத்துது, போயிடுது. பத்தொம்பது வருஷம் சூப்பர்வைசரா நின்னு நின்னு கால் வீங்கிப் போனதுக்கு நீ குடுத்த மரியாதை அது. மூஞ்சி கூடக் குடுக்கல எனக்கு.

சரி சரி, நீ சொல்றது புரியுது. கதை நம்ம லைன்ல நின்ன சுருட்டை முடிக்காரி சுருட்டையோட கதை. பட்டாணியை ஐஸா உறைய வெக்கற கோல்ட் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டவ அவ. அதனால அவ கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் எழுதணும்னு வெச்சுக்கிட்ட. வெளிய நின்னவங்க மனசுக்குள்ள எல்லாம் போயி அவங்கவங்க கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சா, படிக்கறவங்க அவளை அங்கயே விட்டுட்டு எங்க பின்னாடி வந்துடுவாங்கன்னு சொல்ற. ஆமா, அது உண்மைதான். மேனேஜர் பக்கத்துல இருந்து பாத்தா மேனேஜரும் பாவம்தான். அவருக்கும் மேல ஒருத்தன் உக்காந்து கத்திக்கிட்டுதான் இருக்கான்.

அவ உள்ள இருக்கற பக்கத்தைப் படிச்சப்ப புத்தகத்தை மூடி வெச்சுட்டு, அப்புறம்தான் மறுபடி எடுத்தேன். ஒரு பெட்டி எடுக்க ரெண்டு நிமிஷம்தானேன்னு ஜாக்கெட் போடாம போறா. கதவு தானா சாத்திக்குது. உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சு, யாரும் மாத்தல. ஈர க்ளவுஸோட கதவைத் தட்டறா, தட்டறா, க்ளவுஸ் இரும்புல ஒட்டிக்குது. அம்பது நிமிஷம். அந்த அம்பது நிமிஷமும் நீ வெளிய ஒரு எட்டு கூட வைக்கல. அவகூடவே உள்ள உக்காந்து எழுதியிருக்க. கதவுக்கு இந்தப் பக்கம் யாரு இருந்தா, என்ன பண்ணினான்னு ஒரு வரி கிடையாது.

குளிர்ல விறைச்சு அவளுக்கு வலது கையில நாலு விரல் போச்சு. போன மாசம் பஸ்ல பாத்தேன். கட்டைவிரல்ல பையைக் கோத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து, அக்கா நீங்க உக்காருங்கன்றா. நான் அடுத்த ஸ்டாப்லயே இறங்கிட்டேன். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா இறங்கி நின்னேன்.

நாளைக்குக் காலையில விசாரணை, உனக்கே தெரியும். உன் கதை வந்து நாலு பேர் பேசினதாலதான் மூடின ஃபைலை மறுபடி திறந்திருக்காங்க. கம்பெனி என்ன சொல்லுது? அவ யார்கிட்டயும் சொல்லாம போயிட்டா, உள்ள ஆள் இருக்கறது ஒருத்தருக்கும் தெரியாது, அதனால தப்பு அவ மேலதான்னு சொல்லுது. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்துச்சுன்னு ஆனா எல்லாம் மாறிடும், அவ பக்கம் நியாயம் நிக்கும். இல்லன்னா காலம் பூரா அந்தக் கையைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

சாட்சி நான்தான். நேத்து மேனேஜர் இங்கயே வந்தாரு. அந்த மனுஷன் என் வீட்டுப் படி ஏறினது அதுதான் முதல் தடவை. கையில என்ன வெச்சிருந்தாருன்னு நெனைக்கிற? உன் புத்தகம். பென்சில்ல கோடு வேற போட்டு வெச்சிருக்காரு. மோட்டார் சத்தத்துல அக்காவுக்குக் கேக்காது, கேட்டிருந்தா அக்கா ஓடி வந்திருக்கும்னு அவ உள்ள நெனைக்கிறா பாரு, அந்த வரிக்கு. பாருங்க, அவளே அப்படித்தான் நெனச்சிருக்கா, அவளோட வேலை பாத்தவளே எழுதியிருக்கா, நீங்க கேக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு சொல்லிட்டுப் போனாரு.

அழாதம்மா. உன் மேல என்ன தப்பு? அவ உன்கிட்ட அப்படித்தானே சொன்னா? ஆஸ்பத்திரியில என்கிட்டயும் அதேதான் சொன்னா. உங்களுக்குக் கேட்டிருக்காது அக்கா, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கன்னா. கட்டுப்போட்ட கையோட படுத்துக்கிட்டு எனக்கு ஆறுதல் சொல்றா. அவ நெனச்சதை நீ எழுதின. அவளுக்கே தெரியாததை நீ எப்படி எழுதுவ? ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அவ பக்கத்துல எத்தனை நாள் உக்காந்து கேட்ட? என்கிட்டயும் ஒரு தடவை வந்திருக்கலாம்ல. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேற விஷயம்.

ரெண்டாவது தடவை படிக்கறப்ப அந்த வரியைத் தாண்டவே முடியல. என்னைத் திட்டி எழுதியிருந்தா, பதிலுக்கு உன்னைத் திட்டிட்டு என் பொழப்பைப் பாத்திருப்பேன். நீ என்னை நல்லவளா விட்டு வெச்சிருக்க. அதுதான் என்னை விட மாட்டேங்குது.

பேனா வெச்சிருக்கியா? உனக்கு இப்ப அதுதானே வேலை. நோட்டுல ஒரு தாளைக் கிழி. நாளைக்கு அங்க போயி நின்னா எனக்கு வாய் வராது. மேனேஜர் மூஞ்சியைப் பாத்தா, பத்தொம்பது வருஷப் பழக்கம், சரி சார்னுதான் வரும். அதனால நான் சொல்லச் சொல்ல எழுது. கீழ கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீயே கொண்டு போய்க் குடு. என் வேலை போயிடும், தெரியும். தெரிஞ்சுதான் உன்னை வரச் சொன்னேன். இந்தத் தடவை வெளிய நின்னு எழுது, எனக்குத் தெரிஞ்ச மாதிரி. என் கால் வலி, என் கஷ்டம் எல்லாம் வேண்டாம்.

எழுது. சரக்கு வாங்கற வெளியூர்க் கம்பெனிக்காரங்க அஞ்சு பேர் அன்னைக்கு சுத்திப் பாக்க வந்திருந்தாங்க. கோல்ட் ரூம் பக்கத்துல நின்னுதான் மேனேஜர் அவங்களுக்கு வெளக்கிட்டிருந்தாரு. கதவைத் திறந்தா உடைஞ்ச கைப்பிடி தெரிஞ்சிடும், யாரும் திறக்காம பாத்துக்கங்கன்னு முன்னாடியே என்கிட்ட சொல்லியிருந்தாரு. நான் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டேன். காதுல ஒண்ணும் கேக்கல, உன் வரி சரிதான். முதுகுல பட்டுச்சு. மூணு தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி மூணு. யாருன்னு தெரியல, யாரோ உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சுது. இவங்க போகட்டும், அஞ்சு நிமிஷம்தானேன்னு நெனச்சேன். அப்புறம் மேனேஜர் ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்கன்னாரு, போயிட்டேன். வேற யாராவது திறந்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே அங்க உக்காந்திருந்தேன்.

இரு, ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு விட்டுப் போச்சு. வந்தவங்கள்ல ஒரு அம்மா, ஏதோ காதுல விழுந்த மாதிரி கதவு பக்கம் திரும்பினாங்க. நான் அவங்களைப் பாத்து சிரிச்சுக்கிட்டே முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தி நின்னேன். அதையும் எழுது.