மொழிபெயர்ப்பாளனின் பசி

எனக்குப் பசி தாங்காது, ஐயா. மற்றபடி யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவன்.

பட்டுப்பாதையில் வியாபாரம் செய்யும் சோக்திய இனத்து வணிகன் மகன் நான், பெயர் வக்குஷக். சீனமும் திபெத்து மொழியும் தெரியும். பாலைவன ஓரத்துச் சீனக் கோட்டையைத் திபெத்தியர் வளைத்தபோது, இரு தரப்புக்கும் நடுவே பேச நான் ஒருவன்தான் இருந்தேன். உள்ளே தளபதி லூ. வெளியே தளபதி தக்சிக். பத்து நாளைக்கு ஒருமுறை தக்சிக்கின் கூடாரத்துக்குப் போவேன்.

முதல் நாளே அவர் சொன்னார். "கதவைத் திறக்கச் சொல்லுடா. யாரையும் தொட மாட்டேன். எனக்கும் ஊர் போய்ச் சேரணும், இங்க மணலத் தின்னு பல்லு தேயுது."

சொல்லிவிட்டு ஆட்டுத்தொடை கொடுத்தார். உள்ளே குதிரைகளைத் தின்று முடித்துச் சேணத்தோலை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துவிட்டால் எனக்கு யார் தொடை தருவார்கள்?

லூவிடம் வந்தேன். "விடுறாராம். ஆனா நீங்க தவழ்ந்து வந்து, எங்க சக்கரவர்த்தி ஒரு கிழட்டு ஆடுன்னு மூணு தடவ கத்தணுமாம்."

லூ, தக்சிக்கின் தாயாரையும் ஒரு கவரி எருமையையும் சேர்த்து நெடுநேரம் பேசினார். அதை நான், "யோசிக்கப் பத்து நாள் கேக்குறாரு" என்று மொழிபெயர்த்தேன்.

இப்படியே நான்கு மாதம். எனக்குத் தொந்தி விழுந்தது. "பாவம், பட்டினியில வீங்கிட்டான்" என்று லூவின் மனைவி தன் தோல்கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினாள். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் சந்தேகம் வரும்.

கடைசி முறை தக்சிக் சிரிக்கவில்லை. "நாளைக்கு விடியறதுக்குள்ள திறக்கணும். இல்லன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க."

உள்ளதைச் சொல்லியிருந்தால் லூ திறந்திருப்பார். ஆனால் முற்றுகை முடிந்து பாதை திறந்தால், இரு மொழியும் தெரிந்த வணிகர்கள் எத்தனையோ பேர் வந்துவிடுவார்கள். என் ஆட்டுக் கதையின் சாயம் ஒரே நாளில் வெளுத்துவிடும். ஆகவே, "பயந்துட்டாங்க. நாளைக்குக் கூடாரத்தப் பிரிக்கிறாங்களாம். காவல்காரங்களும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன். லூ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு நான், பதில் சொல்லிவிட்டு வருவதாக வெளியே போய், "முடியாதுங்குறாரு" என்று தக்சிக்கிடம் சொல்லி, அங்கேயே தங்கிவிட்டேன்.

உள்ளே இருந்தவர்கள் அறுநூற்று இருபது பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. மதில் ஏறியவர்களிடம் லூவின் மனைவி என் பெயரைச் சொல்லி, நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டாளாம். அவர்களுக்குச் சீனம் புரியவில்லை; காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தார்கள், நான்தான் மொழிபெயர்த்தேன்.

எனக்கும் வருத்தம்தான், ஐயா. ஆனால் அந்த இரண்டு தளபதிகளும் ஒருவர் சொல்வதை ஒருவர் கொஞ்சமாவது காதுகொடுத்துக் கேட்டிருந்தால், இதெல்லாம் நடந்திருக்காது.